உண்டோன் இரண்டகம்: விவிலியத் தமிழில் ஒரு சொல்லின் வரலாறு

போளூருக்கும் திருவண்ணாமலைக்கும் இடையே செய்யாற்றங்கரையில் அமைந்த ஊர் கலசப்பாக்கம். ஆறு சவ்வாது மலையிற் பிறந்து வருவது. ஊருக்கு மேற்கே நிற்கும் பருவதமலையே மலைபடுகடாம் கூறும் நவிரமலை என்பர் அறிஞர். ஆதலின் இந்நிலம் சங்க நூற் பயிற்சியுடையார்க்குப் புதிதன்று. நன்னன் சேய் நன்னனைப் பாடிய பெருங்கௌசிகனார் தம் 583 அடிகளில் சேயாற்றையும் நவிரத்தையும் அவன் ஊராகிய செங்கண்மாவையும் ஒருங்கே வைத்துக் காட்டினார். ஆயினும் அப்பாட்டை ஒருமுறை படித்தார் நெஞ்சில் தங்குவது மன்னன் பெருமையினும் வழிநெடுகக் கூத்தர்க்குக் கிடைக்கும் சோறே என்று கூறின் மிகையாகாது. மலைவாழ்நர் தினைச்சோறும் ஊனும் மூங்கிலரிசியும் தருகின்றனர். கோவலர் பால் தருகின்றனர். உங்கள் வீடு போலவே எண்ணித் தயங்காது புகுங்கள் என்று ஆற்றுப்படுத்துவோன் கூறுகின்றான். அவ்வீட்டார் இவர்களை முன்பு அறியார். முன்பு அறியாதாரையும் சுற்றமாக்குவது அங்குப் பகிரப்படும் உணவு.

உணவால் உறவு விளையுமாயின், உண்டபின் அவ்வுறவை முறிப்பது எத்தகைய குற்றம் என்னும் வினா உடன் எழும். அவ்வினாவைக் கிறித்தவத் திருமறை தன் நடுவிடத்தில் வைத்துள்ளது. பன்னிரு மாணாக்கருள் ஒருவனான யூதாஸ் தன் ஆசிரியரை 30 வெள்ளிக்காசுக்குப் பகைவரிடம் ஒப்புவித்த செய்தியையே குறிக்கின்றோம். அச்செய்தி தமிழில் எச்சொற்களைப் பெற்றது, அச்சொற்களால் அடைந்ததும் இழந்ததும் யாவை என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். சமய உண்மை பற்றி யாம் ஈண்டு ஒன்றும் கூறப்புகவில்லை.

நண்பன் செய்யும் இரண்டகம் விவிலியத்தில் யூதாசோடு தொடங்கவில்லை. தாவீது அரசனுக்கு அகித்தோப்பேல் என்றோர் அமைச்சன் இருந்தான். அவன் சொல்லைக் கடவுள் வாக்குப் போலக் கொண்டனர் என்று சாமுவேலின் இரண்டாம் நூல் கூறும். அரசன் மகன் அப்சலோம் தந்தைமேற் கிளர்ந்தெழுந்த காலை, அவ்வமைச்சன் மகன் பக்கம் சேர்ந்தான். பின்னர்த் தன் சூழ்ச்சி ஏற்கப்படாமை கண்டு ஊருக்குச் சென்று, தன் வீட்டுக் காரியங்களை ஒழுங்குபடுத்திவிட்டு, நான்றுகொண்டு இறந்தான். மத்தேயு கூறும் யூதாசின் முடிவும் அதுவே. அப்போஸ்தலர் பணிகள் என்னும் நூலோ அவன் விழுந்து உடல் பிளந்து இறந்தான் என வேறு கூறும். மத்தேயு ஆசிரியர் அகித்தோப்பேலை மனத்துட் கொண்டே எழுதினார் என்று கருத இடமுண்டு.

சங்கீதம் 41-இல் வரும் முறையீட்டைப் பழைய யூத மரபு இவ்வமைச்சனோடு இயைத்துக் கூறும். ஆங்கு இரண்டகன் மூன்று அடையாளங்களாற் சுட்டப்படுகின்றான்: நெருங்கியவன், நம்பப்பட்டவன், உணவை உண்டவன். முதல் அடையாளத்திற்கு எபிரேய மூலத்தில் உள்ள தொடர் ‘என் அமைதிக்குரிய மனிதன்’ என்று பொருள்படுவது. 1871-இல் வெளிவந்த ஐக்கியத் திருப்புதல், அதனைப் ‘பிராணசிநேகிதன்’ என்று ஆக்கிற்று. உயிர்நண்பன் என்பது தமிழ் வழக்கு. அமைதிக்குரியவன் என்பது அவர்கள் வழக்கு. இம்மாற்றம் பொருந்துவதே. மூன்றாவது அடையாளம் எவ்விதத் திரிபுமின்றித் தமிழுக்கு வந்தது. ‘உண்ட வீட்டுக்கு இரண்டகம்’ என்று ஏற்கெனவே பேசிப் பழகிய மக்களுக்கு அதனை விளக்க உரைகாரர் வேண்டியதில்லை. இரண்டகம் என்னும் சொல்லின் அழகை ஈண்டுக் குறிப்பிடாமற் செல்ல இயலவில்லை. அகம் இரண்டுபடுதலே இரண்டகம். துரோகம் என்னும் வடசொல் தீங்கைக் கூறும். தமிழ்ச்சொல் அத்தீங்கு பிறக்கும் இடத்தைக் கூறுகின்றது.

யோவான் தம் நூலின் 13-ஆம் அதிகாரத்தில் அச்சங்கீதத்தையே எடுத்துக்கொள்கின்றார். பந்தியில் ஆசிரியர் மாணாக்கர் அனைவர் அடிகளையும் கழுவுகின்றார். யூதாசின் அடிகள் விலக்கப்பட்டதாகக் குறிப்பு இல்லை. பின்னர் அப்பத் துண்டொன்றைத் தோய்த்து அவனிடமே நீட்டுகின்றார். அவன் அதனை வாங்கிக்கொண்டு வெளியே சென்றான். அப்போது இரவு என்று கூறி ஆசிரியர் நிறுத்திவிடுகின்றார். நட்டோர் தரின் நஞ்சையும் உண்டு அமைவர் நனிநாகரிகர் என்னும் கருத்து நற்றிணையில் உண்டு. திருக்குறளிலும் கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தின் இறுதியில் உண்டு. அறிந்தே ஏற்றல் என்பது இரண்டிடத்தும் ஒன்று. ஆயின் திசை வேறு. தமிழ்ச் சான்றோன், நண்பன் தரும் நஞ்சைத் தான் உண்கின்றான். யோவான் நூலிலோ, தன்னை ஒப்புவிப்பவன் இன்னான் என்று அறிந்தவர் அவனுக்கு நல்லுணவு தருகின்றார். இவ்வேறுபாட்டை இவ்விரு இலக்கியங்களையும் ஒப்பிடுவோர் மேலும் ஆராய்தல் தகும்.

இனிச் சொல்லுக்கு வருவோம். யூதாசின் செயலைக் குறிக்கும் கிரேக்க வினை ‘பரதிதோமி’ என்பது. கையிற் கொடுத்தல், ஒப்புவித்தல் என்பதே அதன் பொருள். அவ்வினையில் பழிக் குறிப்பு இல்லை. மரபாக வந்த செய்தியைப் பிறர்க்கு வழங்குதலையும் பவுல் அச்சொல்லாலேயே கூறுகின்றார். புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழ 120 இடங்களில் அது வருகின்றது. மாற்கு நூலின் இறுதி அதிகாரங்களைக் கிரேக்கத்திற் படிப்பார்க்கு ஒரு தொடர் புலப்படும். யூதாஸ் குருமார்களுக்கு ஒப்புவிக்கின்றான். குருமார்கள் பிலாத்துவுக்கு ஒப்புவிக்கின்றனர். பிலாத்து போர்வீரர்க்கு ஒப்புவிக்கின்றான். மூன்றிடத்தும் வினை ஒன்றே. உரோமருக்கு எழுதிய மடலின் 8-ஆம் அதிகாரத்தில், கடவுள் தம் மகனை மாந்தர் பொருட்டு ஒப்புவித்தார் என்று கூறுமிடத்தும் வினை அதுவே. கலாத்தியர் மடலில், மகன் தம்மைத் தாமே ஒப்புவித்தார் என்னுமிடத்தும் அதுவே. யூதாசின் கையையும் கடவுளின் கையையும் ஒரு சொல்லால் எழுதும் துணிவு அம்மூலத்திற்கு இருந்தது.

தமிழில் இத்தொடர் அறுந்தது. ஐக்கியத் திருப்புதலில் யூதாஸ் ‘காட்டிக்கொடுக்கின்றான்’. குருமாரும் பிலாத்துவும் ‘ஒப்புக்கொடுக்கின்றனர்’. கடவுளும் ‘ஒப்புக்கொடுத்தவர்’. ஒரு கிரேக்க வினை, செய்வோன் யார் என்று பார்த்து, இரு தமிழ் வினைகளாகப் பிரிந்துவிட்டது. இப்பிரிவினையைத் தமிழ்ப் பெயர்ப்பாளர் மட்டும் செய்தார் என்று குறைகூறுதல் முறையன்று. ஆங்கிலமும் செருமானியமும் தமக்கு முன்னரே இவ்வாறு இரு சொற்களை ஆண்டன. தரங்கம்பாடியில் 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்த சீகன்பால்கும், அவர்பின் வந்த பப்ரிசியசும் செருமானியர். ஐக்கியத் திருப்புதற் குழுவுக்குத் தலைமை தாங்கிய பவர் ஆங்கில விவிலியப் பழக்கமுடையவர். இலத்தீன் ஒன்றே பெரும்பாலும் ஒருவினையைப் போற்றிற்று. அவ்வினையினின்றே மரபு என்று பொருள்படும் ஐரோப்பியச் சொல்லும், இரண்டகன் என்று பொருள்படும் ஐரோப்பியச் சொல்லும் கிளைத்தன. 303-இல் தொடங்கிய உரோமப் பேரரசின் கொடுமைக்காலத்தில் திருமறை ஏடுகளை அதிகாரிகளிடம் கொடுத்துவிட்ட குருமாரை ‘ஒப்புவித்தோர்’ என்றே வட ஆப்பிரிக்கச் சபையார் இகழ்ந்தனர். பொதுச்சொல் பழிச்சொல்லாகும் வழி இது.

எனினும் ‘காட்டிக்கொடுத்தல்’ என்னும் தமிழ்ச்சொல் வெறும் ஒப்புவித்தலுக்கு ஈடன்று. ஒருவகையில் அதனினும் நுட்பமானது. காட்டுதல் நற்சொல், கொடுத்தல் அதனினும் நற்சொல். இரண்டும் கூடியவிடத்துக் கொடுமை பிறக்கின்றது. அறிந்தவனே காட்ட இயலும். இருளில் ஒருவரை மற்றவரினின்று பிரித்து இவர்தாம் என்று சுட்டுதற்கு, அவருடன் நெடுநாள் இருந்திருத்தல் வேண்டும். கெத்செமனேத் தோட்டத்தில் யூதாஸ் செய்தது அதுவே. முத்தம் அவன் காட்டிய அடையாளம். ஆகவே நட்பு இச்சொல்லின் உள்ளேயே அடங்கியிருக்கின்றது. கிரேக்க வினையில் இஃதில்லை. பெயர்ப்பாளர் இதனை எண்ணி ஆண்டனரோ, வழக்கிற் கிடந்த சொல்லை எடுத்தனரோ, யாதாயினும் பேறு தமிழுக்கே.

இச்சொல்லின் வலிமையை விவிலியத்திற்கு வெளியே ஓரிடத்தில் வைத்துச் சோதிக்கலாம். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனைக் காட்டிக்கொடுத்தவன் என்று நாட்டார் வழக்கு எட்டயபுரத்தாரையே சுட்டும். வரலாறு வேறுவகையிற் செல்கின்றது. எட்டயபுரம் பாஞ்சாலங்குறிச்சிக்கு நெடுநாட் பகை. எல்லைத் தகராறுடைய அண்டைப் பாளையம். அது கும்பெனியாருடன் சேர்ந்தது பகைவன் செயலே; நண்பன் இரண்டகம் அன்று. 1799-இல் தப்பிச் சென்ற கட்டபொம்மனைத் தம் எல்லையுட் பிடித்துக் கும்பெனியாரிடம் கையிற் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அவ்வாண்டு அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். கொடுத்தவர் ஒருவராகவும், ‘காட்டிக்கொடுத்தவன்’ என்னும் பெயர் பெற்றவர் மற்றொருவராகவும் இருத்தலை நோக்குக. பழிச்சொல் ஒருமுறை ஒருவர்மேல் ஒட்டிக்கொண்டால் சான்று கேட்பாரில்லை. ‘யூதாஸ்’ என்னும் பெயரை ‘யூதர்’ என்னும் இனப்பெயரோடு சேர்த்து ஓரினம் முழுவதையும் நூற்றாண்டுகளாக ஐரோப்பா வதைத்த வரலாறும் இவ்வகையினதே. 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அப்பழியை முறைப்படி விலக்க வேண்டியதாயிற்று.

தமிழ் மரபில் யூதாசுக்கு நிகராவார் உளரோ? மெய்ப்பொருள் நாயனார் வரலாற்றை ஒப்பாகக் காட்டுவோர் உளர். நன்னன் நாட்டுக்குத் தெற்கே, திருக்கோவலூரிலிருந்து ஆண்ட அந்நாயனாரை வெல்ல இயலாத முத்தநாதன், திருநீறு பூசி, ஏட்டுக் கட்டில் ஆயுதம் மறைத்து வந்தான். ஆகமம் உரைப்பதாகக் கூறித் தனியிடம் பெற்றுக் குத்தினான். வீழ்ந்தவர், தம் காவலன் தத்தனைத் தடுத்து, இவர் நம்மவர் என்று கூறி, ஊறின்றி எல்லை கடத்தி விடுமாறு பணித்தார். வணக்கத்தின் அடையாளம் படைக்கலமாதல், குத்துண்டவர் குத்தினவனை உறவு சொல்லி அழைத்தல் ஆகிய இரண்டும் கெத்செமனே நிகழ்ச்சியை நினைவூட்டுவன. ஆயினும் முத்தநாதன் பகைவன்; வேடத்தால் உள்ளே வந்தவன். அவன் நாயனாரோடு மூன்றாண்டு உண்டு உறைந்தவன் அல்லன். சேக்கிழார் அஞ்சியது பொய்வேடத்தை. சுவிசேட ஆசிரியர் அஞ்சியது மெய்நட்பின் முறிவை.

திருக்குறளோ இவ்விரண்டையும் வேறு பிரித்து வைத்துள்ளது. கூடா நட்பு 83-ஆம் அதிகாரம். உட்பகை 89-ஆம் அதிகாரம். முத்தநாதனுக்கு முன்னது பொருந்தும். யூதாசுக்குப் பின்னது பொருந்தும்.

உட்பகைக்கு எடுத்துக்காட்டு வேண்டின், அதனை ஏட்டிற் தேடுவதினும் கலசப்பாக்கத்தைச் சுற்றியுள்ள ஊர்களின் கூத்துக் களத்தில் தேடுதல் நன்று. திரௌபதியம்மன் விழாவில் பகலிற் பாரதம் படிக்கப்படும். இரவிற் கூத்து நிகழும். அக்கூத்துக்களுள் கர்ண மோட்சம் பெயர்பெற்றது. கர்ணன் செஞ்சோற்றுக்கடன் கழித்தவன். தன் பிறப்பை அறிந்தபின்னும், வெற்றி எப்பக்கம் என்று தெரிந்தபின்னும் உண்ட சோற்றுக்காக நின்றவன். யூதாசுக்கு நேரெதிராக ஒருவனைப் படைக்க வேண்டின் கர்ணனையே படைக்கலாகும். ஆனால் அதே தேரில் மற்றொருவன் இருக்கின்றான். சல்லியன் பாண்டவர்க்கு மாமன். அவர்களுக்குத் துணையாக வரும் வழியில், யார் விருந்து என்று அறியாமல் துரியோதனன் அளித்த விருந்தை உண்டான். உண்டமையாற் கட்டுண்டு துரியோதனன் பக்கம் சேர்ந்தான். பின்னர்த் தருமன் வேண்ட, கர்ணனுக்குத் தேரோட்டுங்கால் அவன் ஊக்கத்தைக் கெடுப்பேன் என்று வாக்களித்தான். உண்ட சோறு ஒரு பக்கம், நெஞ்சு ஒரு பக்கம். இரண்டகம் என்னும் சொல்லுக்கு இவனினும் பொருத்தமான உருவம் இல்லை. எனினும் பாரதம் இவனை யூதாசைப் போல இழிக்கவில்லை. ஏமாற்றி ஊட்டப்பட்ட சோறாதலின் கடன் அரைக்கடனாயிற்று போலும்! யூதாஸ் உண்டதோ தெரிந்து தரப்பட்ட உணவு.

இந்நாட்டுக்குக் கிறித்தவத் திருமறை வந்து சேர்ந்த காலமும் சோற்றோடு தொடர்புடையதாயிற்று. அமெரிக்க ஆர்க்காட்டு மிஷன் 1853-இல் அமைந்தது. டேனிஷ் மிஷனார் திருவண்ணாமலை வட்டாரத்தில் உழைத்தனர். சேத்துப்பட்டில் பாரிசு மறைபரப்பு அவையைச் சேர்ந்த தராஸ் அடிகளார் பணிபுரிந்தார். இடையே 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சம். கஞ்சித்தொட்டியில் உயிர் தப்பிய ஏழைகள் பலர் தென்னாட்டு மிஷன்களிற் சேர்ந்தனர். அவர்களைச் ‘சோற்றுக் கிறித்தவர்’ என்று எள்ளி நகையாடும் வழக்கு நெடுங்காலம் நின்றது. எள்ளினோர் ஒன்றை எண்ணவில்லை. உண்டவர்க்கு ஊட்டியவரிடம் கடன் உண்டு என்பதே நவிரமலை நாட்டின் பழைய அறம். அவ்வேழைகள் கையில் வந்த புதுநூலும், மிகப்பெருங் குற்றத்தை அப்பம் உண்டவன் செயலாகவே கூறிற்று. அவர்கள் அதனைத் தம் ஊர்வழக்காற் புரிந்துகொள்ளத் தடை யாதும் இருந்திராது. அவர்களை இகழ்ந்தோரே கர்ணனை விடியுமளவும் கண்டு கண்ணீர் உகுத்தவர் என்பதையும் மறத்தற்கில்லை.

நட்புச்சொல் பற்றியும் சிறிது கூறுதல் வேண்டும். தோட்டத்தில் தம்மை முத்தமிட்டவனை இயேசு விளித்த சொல் மத்தேயுவில் ‘ஹெதைரோஸ்’ என்பது. மாணாக்கரை நோக்கி இனி நீங்கள் நண்பர் என்று யோவான் நூலில் அவர் கூறும் சொல் ‘பிலோஸ்’ என்பது. முன்னது உடனுறைவோன், கூட்டாளி என்ற அளவிலே நிற்பது; பின்னது அன்பிற்குரியவன் என்பது. மத்தேயுவில் முன்னது மூன்றே இடங்களில் விளியாக வருகின்றது. மூன்றிடத்தும் விளிக்கப்படுவோன் தவறுடையவன். ஐக்கியத் திருப்புதல் இரண்டு சொற்களையும் ‘சிநேகிதன்’ என்றே பெயர்த்தது. முன்பு ஒன்றை இரண்டாக்கியவர் ஈண்டு இரண்டை ஒன்றாக்கினர்! அதனாற் படிப்போர், யூதாசும் மற்றையோரைப் போலவே ‘சிநேகிதன்’ எனப்பட்டான் என்று கொள்வர். யோவான் நூலின்படி, அவ்வன்புச்சொல் கூறப்பட்டபோது அவன் பந்தியில் இல்லை; முன்னரே இரவுட் சென்றுவிட்டான். 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘தோழா’ என்றும் ‘நண்பர்’ என்றும் வேறுபடுத்தியது பாராட்டத்தக்கது.

‘காட்டிக்கொடுத்தல்’ பற்றிய ஐயம் அவ்வாறு எளிதில் தீர்வதன்று. கொரிந்தியருக்கு எழுதிய முதன் மடலின் 11-ஆம் அதிகாரம் சுவிசேடங்களினும் முற்பட்ட எழுத்து. ஆங்குப் பவுல் இறுதி இரவைக் குறிக்கின்றார். யூதாசின் பெயரைக் கூறவில்லை. அவர் மடல்களில் யாண்டும் அப்பெயர் இல்லை. ‘ஒப்புவிக்கப்பட்ட இரவு’ என்று மட்டும் உளது. ஒப்புவித்தவன் யூதாசோ, கடவுளோ? மற்றை மடல்களில் கடவுளே ஒப்புவித்தார் என்று எழுதுபவர் ஈண்டும் அதனையே கருதினார் என்று கொள்வார் உளர். எமக்கும் அதுவே வலிவுடையதாகத் தோன்றுகின்றது. தமிழிலோ ஐக்கியத் திருப்புதலும் பொது மொழிபெயர்ப்பும் ஒருங்கே ‘காட்டிக்கொடுக்கப்பட்ட’ என்று எழுதின. பவுல் திறந்து வைத்த வினாவைத் தமிழ்ச்சொல் அடைத்துவிட்டது. எகிப்தில் கிடைத்து 2006-இல் பதிப்பிக்கப்பெற்ற ‘யூதாஸ் சுவிசேடம்’ என்னும் கொப்திய நூல், ஆசிரியர் கருத்துக்கு இணங்கவே யூதாஸ் அவரை ஒப்புவித்தான் என்று கூறுகின்றது. அந்நூலை ஏறத்தாழ 180-இலேயே இரேனியு கண்டித்தார். அதன் கொள்கை சபையார்க்கு உடன்பாடன்று. ஆயினும் அத்தகைய கொள்கை தோன்றுதற்கு இடந்தந்தது கிரேக்க வினையின் பொதுமையே. தமிழ் விவிலியம் ஒன்றையே படித்தவன் உள்ளத்தில் அக்கொள்கை முளைத்தற்கு வழியில்லை.

தமிழில் அவ்வினைக்கு நேர்ச்சொல் இல்லாமலும் இல்லை. ‘கையளித்தல்’ என்பது கையிற் கொடுத்தலையே குறிக்கும். பழிக் குறிப்பு அற்றது. ஈழத்தில் இன்றும் நாள்வழக்கில் உள்ளது. கத்தோலிக்கரின் தமிழ்த் திருப்பலியில், அப்பத்தின்மேற் குரு கூறும் சொற்களுள் இது இடம்பெற்றுள்ளது. பெரிய வியாழன் மாலை வழிபாட்டிற்கு இரண்டாம் வாசகம் மேற்கூறிய கொரிந்தியர் பகுதியே. ஆதலின் அம்மாலையிற் சேத்துப்பட்டுக் கோயிலிலும் பிற கோயில்களிலும் இருப்போர், வாசிப்பவர் வாயிலாகக் ‘காட்டிக்கொடுக்கப்பட்ட’ இரவைக் கேட்டுச் சிறிது நேரத்திற்குள், குருவின் வாயிலாகக் ‘கையளிக்கப்படும்’ உடலைக் கேட்கின்றனர். அப்பகுதியின் இலத்தீன் பெயர்ப்பில் இவ்விரண்டும் அடுத்தடுத்த இரு வசனங்களில் நிற்கும் ஒரே வினை.